குங்குமக் கோடு

எனக்குக் காது கூர்மை. என் மனைவி காவேரி இதையே வேறு மாதிரி சொல்வாள்: "உங்களுக்கு எதனா ஒரு சத்தம் கேட்டுக்கினே இருக்கணும், இல்லாங்காட்டி சோறு எறங்காது."

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கண் துணியின்மேல் இருக்கும், கையும் காலும் தறியில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். அது தெருவெல்லாம் சுற்றிவிட்டு வரும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டுத் தறி நின்றுபோனது, யார் வீட்டில் குக்கர் கத்துகிறது, யாருடைய வண்டி முனையில் திரும்புகிறது, எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த வண்டியின் சத்தம் மாறினால் தெரியாமல் போகுமா?

வண்டி என்னுடையது. ஓட்டுவது வசந்த், காவேரியின் தம்பி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும், ஆனால் துரைக்குப் பஸ் ஆகாது. "மாமா, சாவி" என்று கையை நீட்டுவான். நானும் கொடுத்துவிடுவேன். நெய்த சேலையை நெசவாளர் சொசைட்டிக்குக் கொண்டுபோகவும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கவும்தான் எனக்கு வண்டி. மற்ற நாளெல்லாம் குழிக்குள் இருப்பவனுக்கு வேகம் எதற்கு?

ஆவணியில் ஒருநாள் சொசைட்டிக்குப் போகும்போது செயின் அதன் மூடியில் அடித்துக்கொண்டே வந்தது. இறங்கிப் பார்த்தால் தொங்கிக் கிடந்தது. இறுக்கி வைத்தேன். அடுத்த முறை எடுத்தபோது மறுபடியும் தொங்கியது. செயின் என்ன ரப்பரா, இஷ்டத்துக்கு நீள?

"ரோடு அப்டி இருக்குது மாமா," என்றான் வசந்த்.

பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயில் எண்ணெய் வழிந்து என் வேட்டியைக் கறையாக்கியது. "சீலு பழசாயிருக்கும் மாமா." அதற்கும் பிறகு இன்ஜின் தலையில் டகடகவென்று ஒரு சத்தம். வண்டி சூடேற ஏற அதுவும் ஏறியது. "பெட்ரோல்ல எதனா கலந்துட்டானுங்க மாமா." எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. பதிலோடு ஒரு சிரிப்பும் இருந்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை.

கடைசியாக ஹேண்டில். நேராகப் போகும்போது அது ஏதோ குழியில் விழுந்த மாதிரி நின்றுவிடும். கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றால் வெடுக்கென்று வெளியே வரும். வேகமெடுத்தால் கை நடுங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் என் உள்ளங்கையில் அந்த நடுக்கம் இருந்தது. தறியில் நூல் ஓட்டும் நாடாவை எடுத்தால் அங்கேயும் இருந்தது.

எங்கள் சண்டையெல்லாம் தறியில்தான். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு நான் நாடா போடுவேன், வலப்பக்கம் உட்கார்ந்து காவேரி கரைக்குப் போடுவாள். யாரும் கோபித்துக்கொண்டு எழுந்துபோக முடியாது. எழுந்தால் சேலை நிற்கும். கோபத்தோடு போட்டால் கரை இழுத்துக்கொள்ளும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை ஏற்றாமல், ஒழுங்காகச் சண்டை போடுவோம்.

"உன் தம்பி அந்த வண்டிய என்னமோ பண்றான்."

"இன்னா பண்றான்? ஓட்றான். வண்டி ஓட்றதுக்குத்தான்."

"ஓட்டினா இப்படி ஆகாது."

"கிழட்டு வண்டி, ஆகத்தான் ஆகும். நாடாவப் பாத்துப் போடுங்க, லூசா வருது."

அவளுக்கு ஒரே தம்பி. அவனை ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. இதுவாவது பரவாயில்லை. ஐப்பசியில் என் மகள் துர்காவுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்திருந்தது. மூன்று வயதிலேயே செய்திருக்க வேண்டியது, தள்ளித் தள்ளி ஐந்தாகிவிட்டது. எங்கள் குலதெய்வம் தென்னேரி ஏரிக்கரையில் இருக்கிறாள். அங்கே தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு வசந்தை விட்டால் வேறு மடி கிடையாது.

"அதுவரைக்கும் வாயக் கட்டிக்கினு இருங்க," என்றாள் காவேரி. "அவன் மொறைச்சிக்கினு உக்காந்தா சபையில நல்லாவா இருக்கும்?"

கட்டிக்கொண்டேன். ஆனால் காதை எதைக்கொண்டு கட்டுவது? அவன் ஷிப்ட் முடிந்து திரும்பும் நேரம் வந்தாலே எனக்குக் கைகால் நிலைகொள்ளாது. முனையில் வண்டி திரும்பும். டகடக. வாசலில் நிற்கும்போது முன்பக்கம் 'கடக்' என்று ஒரு அடி.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்குத் தறியில் யாரும் உட்கார மாட்டோம். தறியைத் துடைத்து, நாடாக்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வண்டியை வசந்த்தான் கழுவினான். பளபளவென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயை விட்டு இண்டு இடுக்கு விடாமல் துடைத்தான். காவேரி ஹேண்டில் நுழைகிற குழாயின்மேல், டேங்குக்கு முன்னால், சந்தனத்தை அப்பி அதன் நடுவில் பெரிய குங்குமப் பொட்டாக வைத்தாள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய சந்தனத்தின்மேலேயே புதுச் சந்தனமும் ஏறியது. பூசைப் பொட்டை நாங்கள் துடைப்பதில்லை. மழையோ வெயிலோ பார்த்து அதுவாகப் போக வேண்டும்.

ஹேண்டில் நடுக்கம் தாங்காமல் ஒருநாள் வண்டியைச் செவிலிமேடு போகிற வழியில் இருக்கும் ஜெபகுமார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஜெபகுமார் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி முட்டுக்கொடுத்து, ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்பினான்.

"கைய வெச்சிப் பாருணே. நேரா வரும்போது ஒரு பள்ளத்துல போய் உக்காருது பாரு. ஹேண்டிலு திரும்பற கோன் செட்டு போச்சி. உள்ள இருக்கிற பேரிங் குண்டு எல்லாம் குத்திக் குத்திக் குழியாக்கிடுச்சி."

"ரோடு சரியில்லப்பா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வீட்ல சின்னப் பசங்க யாராச்சும் ஓட்றாங்களாணே?"

"மச்சான் ஓட்றான்."

"செயினு நீளுதா? இன்ஜின் தலையில சத்தம் வருதா?"

வருகிறது என்றேன்.

"நான் யாரையும் சொல்லலணே. முன்சக்கரத்தத் தூக்கிக்கினு பின்சக்கரத்துலயே ஓட்றானுங்க பாரு, வீலிங்கு, அந்த மாதிரி வண்டிங்க இப்படித்தான் வரும். டக்குனு முறுக்கித் தூக்கறப்போ செயினும் கிளட்சும் அடி வாங்கும். தூக்கிக்கினே போனா உள்ள இருக்கிற ஆயிலு எல்லாம் பின்னால போயிடும். பம்பு வெறும் காத்தத்தான் இழுக்கும். மேல தலைக்கு ஆயிலே ஏறாது, காஞ்சிபோய்த் தேயும். ஆனா மேல போறது பெரிசு இல்லணே. கீழ வருது பாரு, தொப்புனு. அந்த அடி மொத்தமும் முன்னாடிதான்."

கோன் செட்டை மாற்றினான், சீல் மாற்றினான். குழாயின்மேல் இருந்த சந்தனத்தைத் துணியால் துடைக்கப் போனவனைத் தடுத்தேன். "அது பூசைப் பொட்டுப்பா, இருக்கட்டும்." கையை எடுத்துக்கொண்டான். "உங்க சாமி விஷயம்ணே, நான் தொடல," என்று அதைச் சுற்றி மட்டும் பவ்யமாகத் துடைத்துக் கொடுத்தான்.

அன்று சாப்பிடும்போது வசந்திடம் கேட்டுவிட்டேன். காவேரி முறைத்தாள். கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு வெடித்திருக்கும்.

"வீலிங்கா? நானா?" சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். "மாமா, உன் வண்டிய மேட்டுல ஏத்தினாலே மூச்சி வாங்குது. அது எங்க மாமா தூக்கும்?"

காவேரி சிரித்தாள். துர்காவும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். துர்காவுக்கு மாமன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளை டேங்கின்மேல் உட்கார வைத்து ஐஸ்கிரீம் வாங்கித்தரக் கூட்டிப்போவான். நான் மட்டும் சிரிக்காமல் ரசத்தைக் குடித்தேன்.

காது குத்துக்கு முந்தின சாயங்காலம் மழை விட்டிருந்தது. வண்டியெல்லாம் சேறு. நல்ல காரியத்துக்கு இப்படியா கொண்டுபோவது என்று நான்தான் வாளியும் சோப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழையில் ஊறிச் சந்தனம் அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பெயிண்ட் தெரிந்தது. பெயிண்டின்மேல் ஒரு சிவப்புக் கோடு, கூந்தல் இழை அகலத்துக்கு, பற்றவைத்த இடத்தை ஒட்டி வளைந்து போனது. குங்குமம்தானே என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போய்விட்டது.

விடிந்ததும் வேன் வந்து நின்றது. உறவெல்லாம் ஏறினார்கள். சீர்த்தட்டுகள் ஏறின. துர்கா பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள்: மாமாவோடு வண்டியில்தான் வருவாளாம்.

"கூட்டிக்கினு வா வசந்து, மெதுவா வா," என்றாள் காவேரி.

நான் வண்டியைப் பார்த்தேன். நேற்றுத் துடைத்த இடத்தில் சிவப்புக் கோடு மறுபடியும் இருந்தது.

பட்டு நெய்கிறவனுக்கு இது ஒன்று தெரியும். மேலே ஒட்டிய கறை துடைத்தால் போய்விடும், திரும்ப வராது. துடைத்த பிறகும் சாயம் வருகிறது என்றால் அது உள்ளேயிருந்து வருகிறது. இரும்புக்கு உள்ளே குங்குமம் எப்படிப் போகும்? துண்டால் துடைத்தேன். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். பாவில் அறுந்த இழையில் தட்டுகிற மாதிரி நகம் தட்டியது. முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னால் அழுத்தினேன். கோட்டிலிருந்து எண்ணெயும் சிவப்புமாக ஒரு ஈரம் கசிந்தது. விட்டேன், உள்ளே போனது. அழுத்தினேன், வெளியே வந்தது.

துர்காவைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இந்த வண்டியில கொழந்த வராது," என்றேன்.

காவேரி வேனிலிருந்து இறங்கி வந்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சிட்டீங்களா?"

"விரிசல் உட்டிருக்குது, இங்க பாரு. செவப்பா தெரியுது பாரு."

"அது நான் வெச்ச குங்குமம்ங்க!"

"வெச்சது நீதான். எண்ணெயோட விரிசலுக்குள்ள எறங்கி உக்காந்துக்கினு இருக்குது."

வசந்த் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "மாமா, என்மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லு. எல்லார் எதிர்லயும் வண்டிய சாக்கா வெச்சி அசிங்கப்படுத்தாத. நான் வேணா வரலப்பா."

அவ்வளவுதான். வேனிலிருந்து ஆளுக்கொரு குரல் கிளம்பியது. தாய்மாமனை வாசலில் நிறுத்திப் பேசுகிற பேச்சா, மழை வருவதற்குள் கிளம்ப வேண்டாமா, இந்த சிவராஜுக்கு எப்போதும் இப்படித்தான் என்று என் பெயரையும் இழுத்தார்கள். நான் இத்தனை நாள் செயின், சீல், சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் கத்தியிருந்தேன். இன்றைக்குக் கத்தினால் யார் கேட்பார்கள்? எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"ஒரே ஒரு வாட்டி," என்றேன். "முன்சக்கரத்தத் தூக்கிக் கீழ போடறேன். ஒண்ணும் ஆகலன்னா இனிமே இந்த வண்டியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"அதுக்காகவாச்சும் போடுங்க," என்றாள் காவேரி. வேனில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஹேண்டிலைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கினேன். முழங்கால் உயரம் வந்தது. விட்டேன். 'கடக்'. எனக்குத் தெரிந்த அதே கடக். வண்டி ஆடிவிட்டு நின்றது. ஒன்றும் ஆகவில்லை.

"போதுமா மாமா?" வசந்துக்குச் சிரிப்பு திரும்பிவிட்டது. "தூக்கறதுன்னா இன்னான்னு தெரியாது உனக்கு. தள்ளு."

என்னை ஒதுக்கிவிட்டு அவன் பிடித்தான். பழகின கை. ஒரு உந்து உந்தி முன்சக்கரத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினான். எல்லாரையும் ஒரு முறை பார்த்தான். விட்டான்.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த மட்டையை முறிக்கிற அளவுதான். டேங்குக்கு முன்னால் குழாய் வாய் பிளந்தது. முன்சக்கரம் தனியாக முன்னால் ஓடியது. ஹேண்டில் மடங்கி டேங்கின்மேல் விழுந்தது. மிச்ச வண்டி முகத்தைத் தரையில் குத்திச் சாய்ந்தது. பிளந்த இரும்பின் ஓரத்தில் பாதிக்குமேல் துருவும் குங்குமமும். புதிதாக முறிந்தது கொஞ்சம்தான், அது மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது.

வசந்த் தூக்கின கையை இறக்காமல் நின்றான்.

துர்கா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "அன்னிக்கு ஏரிக்கரை ரோட்டுல நானும் நீயும் மேல போனோமே, அப்ப ஒடையலையே?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காதுக்குள் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. தெருவில் அத்தனை தறிகள் ஓடுகின்றன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டேங்கின்மேல் என் மகள், முன்சக்கரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் சிரித்துக்கொண்டு. அந்தக் கோடு அன்றைக்கும் அங்கே இருந்திருக்கும், சந்தனத்துக்கு அடியில்.

காவேரி நடந்து போய்த் தம்பியை அறைந்தாள். ஒரு முறை அல்ல. அவன் தடுக்கவில்லை. பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறி, முந்தானையால் அவளை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேன் தென்னேரிக்குக் கிளம்பியது. வசந்த் கடைசி சீட்டில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே இருந்தான். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் கை நீண்டுவிடும் என்று பயமாக இருந்தது.

ஏரி நிறைந்து கிடந்தது. மொட்டை அடித்தாயிற்று. ஆசாரி மணையைப் போட்டுத் தங்கக் கம்பியை எடுத்துவைத்துக்கொண்டு, "தாய்மாமன் எங்கப்பா? வந்து உக்காரு," என்றார்.

வசந்த் கரையோரம் தனியாக நின்றிருந்தான். என்னிடம் வந்தான். "நீயே வெச்சிக்க மாமா. எனக்கு வேணாம்."

"அவன் மடியில வேணாம்," என்றாள் காவேரி. தம்பிக்காகக் குழம்பில் உப்புப் போடாதவள்.

இத்தனை மாதமாக அவனைத் திட்ட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது திட்டலாம், சபையே என் பக்கம். ஆனால் ஒரு வார்த்தையும் போதாது என்று தோன்றியது. என் மகளின் பாரம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிய வேண்டும். வண்டி டேங்கு சுமந்ததை அவன் தொடை சுமக்கட்டும்.

"அவன்தான் உக்காரணும்," என்றேன். "உக்காருடா."

உட்கார்ந்தான். காவேரியின் கையிலிருந்து துர்காவை வாங்கி அவன் மடியில் நானே வைத்தேன். மொட்டைத்தலையை அவன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவள் எடை ஏறியதும் அவன் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை. குழந்தையும் சேர்ந்து ஆடினாள்.

ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டுபோய்விட்டு எடுத்தார். "ஆடாதப்பா. இப்படி ஆடினா எங்கேர்ந்து குத்தறது?"

"மாமா," என்றான் வசந்த் என்னைப் பார்த்து.

நான் அவன் எதிரே சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். அவனுடைய இரண்டு முழங்கால்களையும் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். நடுக்கம் என் உள்ளங்கை வழியாகத் தோள்வரை ஏறியது. அந்த நடுக்கம் எனக்குப் பழக்கம்தான். கோபம் அப்படியே இருந்தது, அதோடுதான் அழுத்தினேன்.

துர்கா வீறிட்டாள். ஆசாரி மறுபக்கம் நகர்ந்தார். இரண்டாவது காதும் ஆகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.